அட்டிகை மறைத்த கழுத்து

அம்மா,

உன் அட்டிகையை நேற்று போட்டுப் பார்த்தேன். உன் பேத்திக்கு நிச்சயதார்த்தம் வருகிறது, பெட்டியில் சும்மா கிடப்பதை நானாவது போட்டுக்கொள்வோமே என்று. கொக்கியை மாட்டிக் கண்ணாடியைப் பார்ப்பதற்குள் மார்பிலிருந்து ஓர் அனல் கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறிவிட்டது. பிய்த்து எறியாத குறையாகக் கழற்றினேன். நீ அதை அழகுக்கா வாங்கினாய்? என் தைராய்டு ஆபரேஷன் வடுவை மறைக்க வாங்கினாய்.

எனக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. கூடவே தூக்கமும் போய்விட்டது. செம்பூரில் கூரியர் கடைக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன், பார்சல் மேல் வியர்வை சொட்டி விலாசம் கலைகிறது. வருகிறவர்களிடம் எல்லாம் எரிந்து விழுகிறேன். "ஃபேன் பத்தலயாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, இப்போது "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்" என்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

சயானில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் அனல் அடங்கும், தூக்கம் வரும் என்றார். போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் எழுதுவதற்கு முன்னால் கேள்விமேல் கேள்வி. கழுத்தில் இருந்தது வெறும் கட்டியா, புற்றுநோயா? சுரப்பியை முழுக்க எடுத்தார்களா? அதன் பிறகு கதிரியக்க மருந்து கொடுத்தார்களா? இந்த மாத்திரையை ஆரம்பித்தால், தினம் விழுங்கும் தைராய்டு மாத்திரையின் அளவு போதாமல் போகலாமாம். ரத்தம் கட்டும் ஆபத்து வேறு. நல்லதையும் கெட்டதையும் எடை போட்டுத்தான் தர முடியும் என்றார். "புரானா காகஜ் லேகே ஆவோ" என்றார். பழைய காகிதம்! நான் சிரித்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ.

அந்தக் காகிதம் எங்கே போயிற்று என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள் கழித்து என்னை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எதையோ விழுங்கச் சொல்லித் தனி அறையில் வைத்தார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நர்ஸ் ஓடிப்போவாள். பிள்ளைத்தாச்சி பக்கம் போகாதே, குழந்தையைத் தூக்காதே என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லட்டி, சும்மா ஒரு மருந்து" என்றாய். தாராவி முழுக்க நான் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தாய்.

பாண்டுப்பிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அந்த ஃபைலைக் கட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாய். நானும் பின்னாலேயே வந்தேன். சாக்கடைத் தண்ணீர் ஓடும் நாலாவில் பையோடு வீசினாய்.

"அதுல என்னம்மா எழுதியிருந்து?"

"உனக்கு எதுக்கு? அதான் சரியாயிட்டுல்லா. வெளிய தெரிஞ்சா ஒரு பய உன்னைத் திரும்பிப் பாப்பானா?"

மறுநாள் அட்டிகையை இறுக்கி மாட்டிவிட்டாய். வடுவைப் பற்றி யாராவது கேட்டால் சின்ன வயதில் கஞ்சி கொட்டிவிட்டது என்று சொல்லச் சொன்னாய். கல்யாணமாகி இத்தனை வருடமும் தைராய்டு மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லித்தான் விழுங்கினேன்.

சயானிலிருந்து வந்த அன்று என் வீட்டுக்காரரிடம் கழுத்து ஆபரேஷனைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னார்: "தெரியும்ட்டி. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அட்டிகைக்குக் கீழ வடுவப் பாத்து எங்கம்மா கண்டுபிடிச்சிட்டா. அவளும் அந்த மாத்திரைதான தின்னுட்டிருந்தா. நீயா சொல்லட்டும்னு நான் பேசாம இருந்துட்டேன்."

கேட்டாயா அம்மா? யாரிடம் மறைத்தாயோ, அந்த வீட்டிலும் அதே மாத்திரை ஒளிந்திருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். அவ்வளவு பழைய விவரம் எல்லாம் இப்போது கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த ஒரு ஃபைலை ஒன்றுமில்லாததற்காக நாலாவில் போட்டாய்.

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். டாக்டரம்மா கடைசியாக இன்னொன்று கேட்டார். அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ மார்பில் புற்றுநோய் இருந்ததா என்று. "நஹி" என்று தலையை ஆட்டிவிட்டேன், யோசிக்கக்கூட இல்லை. நீ பழக்கிவிட்ட வாய்.

நுரையீரலில் நீர் கோத்துச் செத்துப்போனாய் என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம். ஆனால் உன்னைக் குளிப்பாட்டியவள் நான். ரவிக்கையைக் கழற்றியபோது இடது பக்கம் பழைய வேட்டித் துணியை மடித்து மடித்து வைத்திருந்தாய். துணியை எடுத்தேன். அந்தப் புண்ணை நான் எழுத மாட்டேன். பெரியம்மா சட்டென்று சேலையை இழுத்து மூடி, "பாத்தத யார்கிட்டயும் சொல்லாத, பொம்பளப் பிள்ள இருக்கு" என்றாள். உன் அக்கா அல்லவா!

இன்று காலையில் மறுபடியும் சயானுக்குப் போனேன். மகளையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கழுத்தில் நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறவரை சொன்னேன். பிறகு உன் மார்பைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அனல் ஏறி, முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஹார்மோன் இப்போது வேண்டாம், முதலில் மார்பைப் படம் எடுத்துப் பார்ப்போம், கழுத்தையும் ரத்தத்தையும் பரிசோதிப்போம், அதுவரை அனலுக்கு வேறு மாத்திரை, பலன் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும் என்றார். உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது அதுதான். பொய்யோடு விட்டிருந்தால் கழுத்துப் பரிசோதனை முடிந்ததும் ஹார்மோனை விழுங்கிவிட்டுத் தூங்கியிருப்பேன். என்ன விலைக்கு என்று தெரியாமலே.

வெளியே வந்ததும் உன் பேத்தி கேட்டாள்: "ஆச்சிய ஏன் மம்மி யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல?"

"யாருக்கும் தெரியாதும்மா."

"ஆச்சிக்குத் தெரியும்ல?"

ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. என் ஃபைல் போனால் போகட்டும். பாண்டுப்பை விட்டு உன் பக்கத்துத் தெருவுக்கே குடிவந்து நான் இருந்தேன், அம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ திட்டத் திட்ட இழுத்துக்கொண்டாவது போயிருப்பேன். அந்தத் துணியைத் தினமும் துவைத்து எங்கே காயப்போட்டாய்? அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.