ஊசி படாத சந்து

ராஜா பட்டத்துக்கு வந்த ஏழாம் வருடம், மூன்றாம் மாதம் 4

இன்று முழுக்க ஊசி வேலை. பழைய நகர வரைபடத்தைப் புதுத் தோலின் மேல் விரித்து, ஒவ்வொரு வீட்டு மூலையிலும் குத்த வேண்டும். அப்பா அந்தப் புள்ளிகளை மட்டும் பார்த்து மை போடுவார். நகரத்துக்கு ஒரே வரைபடம்தான். புதியதில் முத்திரை விழுந்ததும் பழையதை எரித்துவிடுவார்கள். வருடா வருடம் இதே கதை.

காலையில் அக்காவோடு சண்டை. "ஒரு வேலையையும் உருப்படியா முடிக்க மாட்டியாடி நீ?" என்றாள். கல்யாணமாகிப் போனாலும் வாய் மட்டும் இங்கேயேதான் இருக்கிறது. அவள் வீடு இருக்கிற சாயக்காரர் சந்து வந்ததும் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். நாளைக்குக் குத்திக்கொள்ளலாம்.

6

முத்திரை விழுந்தது. பழையது எரிந்தது.

7

சந்து! குத்த மறந்தே போனேன். ஓடிப்போய்ப் பார்த்தால் ரொட்டிக்கடைச் சுவரும் செருப்புக்கடைச் சுவரும் ஒட்டி நிற்கின்றன. நடுவில் விரல்கூட நுழையாது. "இங்க ஏதும்மா சந்து?" என்று ரொட்டிக்காரர் சிரிக்கிறார்.

அப்பாவிடம் அழுதேன். "எனக்கு நீ ஒரே பொண்ணுதானே, கண்ணு" என்றார். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்!

12

வரைபடத்துக்குக் காவல் நிற்பவர் சாப்பிடப் போன நேரத்தில், முத்திரை போட்ட தோலிலேயே சந்தைக் குத்தி மையும் போட்டுவிட்டேன். பதினோரு வீடுகள், ஞாபகத்திலிருந்து.

13

சந்து வந்துவிட்டது! ஆனால் ஓர் ஆள்கூட இல்லை. அக்கா வீட்டில் பாய் இல்லை, அடுப்பு இல்லை, சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. வரைபடத்தில் வீடுகளைத்தான் போடுகிறோம். மனிதர்களை எங்கே போட்டோம்?

ஐந்தாம் மாதம் 2

தினமும் போய்க் கூப்பிடுகிறேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

எட்டாம் வருடம், மூன்றாம் மாதம் 5

மறுபடி புதுத் தோல். "இந்தச் சந்துல யாரு இருக்காங்க?" என்றார் அப்பா.

"யாருமில்லப்பா."

"அப்ப விட்டுடு. எதுக்கு வீணா மை?"

சரி என்றேன். நான் போனால் அப்பா தேட மாட்டார். நான் இருந்ததே அவருக்கு நினைவிருக்காது.

6

அக்கா வீட்டு வெறுந்தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் போன இடத்துக்கே நானும் போவேனா? தெரியாது. போகாமலும் இருக்கலாம் — எங்கேயுமே.

தோல் எரிகிற வாடை வருகிறது.

இந்தச் சந்தைத் தவிர ஊர் முழுக்கக் குத்தி முடித்தாயிற்று, அக்கா. இந்த முறை வேலையை உருப்படியாக முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.