அண்ணியும் நாத்தனாரும் கட்டிய நாடு

மார்ச் 4, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையில் இன்று கூட்டம் இல்லை. சீக்கிரம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஆட்டத்தைத் திறந்தேன். போன மாதத்திலிருந்து படகுகள் ஆற்றைக் கடக்காமல் கரையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இவர் எட்டிப் பார்த்து, உன் நாட்டுக்கு எப்போதுதான் விடிவு காலம் என்றார்.

கல்யாணமான புதிதில் நானும் இவர் தங்கை சின்னவளும் ஆரம்பித்த ஆட்டம் இது. இரண்டு நாடுகள், நடுவில் ஓர் ஆறு, யார் யாரைப் பிடிப்பது என்று யோசித்து ஆடும் போர். அவள் படம் வரைவாள், நான் புரோகிராம் எழுதுவேன். ஹாலில் இருந்த ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்காருவோம். ஒட்டிப் பிறந்ததுங்க என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். பிறகு அவளுக்குக் கல்யாணம், குழந்தை, தூரத்து ஊர். ஆட்டம் என்னோடு தங்கிவிட்டது.

மார்ச் 5, புதன்

வெள்ளிக்கிழமை சின்னவள் வருகிறாளாம். ஆபீஸ் பயிற்சி, ஒரு வாரம். சந்தோஷம்தான். ஆனால் — அவள் வரைந்த படம் ஒன்றுகூட இப்போது ஆட்டத்தில் இல்லையே. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் போய்விட்டது. அந்தக் கோணல் மூக்குக் குதிரைகூட. எந்த முகத்தோடு காட்டுவேன்?

மார்ச் 7, வெள்ளி

வந்தாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். சாப்பிட்டதும் அவளே கேட்டாள், காட்டினேன். ஒவ்வொரு ஊராகத் திறந்து பார்த்தாள். "நல்லா இருக்கு அண்ணி. கடையில விக்கிற மாதிரி இருக்கு."

பாராட்டா அது?

மார்ச் 8, சனி

காலையில் பார்த்தால், பல்கூடத் தேய்க்காமல் ஆடிக்கொண்டிருக்கிறாள். தன் ஊர்களையெல்லாம் காலி செய்து, ஜனங்களை மலைக்கு அனுப்பிவிட்டாள். எதிரிப் படை ஜம்மென்று உள்ளே வந்தது. தின்ன ஒன்றுமில்லை. பட்டினியில் தானே கலைந்தது. ஒரு அம்புகூட விடாமல் ஜெயித்துவிட்டாள்!

இத்தனை வருஷம் என் கண்ணில் படாத ஓட்டை. எரிச்சலாக வந்தது. இன்னைக்கே அடைச்சிடறேன் என்றேன்.

"அடைக்காதீங்க அண்ணி. இதுதான் ஆட்டமே. மத்ததெல்லாம் யார் வேணா செய்வாங்க."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் திரையைப் பார்த்தபடியே, "என் குதிரைய எடுத்துட்டீங்களேன்னு நேத்து அழுகையா வந்துச்சு," என்றாள். "நான் இல்லாமலே நடந்துடுச்சேன்னு."

நடக்கல சின்னவளே. நகர்ந்துச்சு, அவ்வளவுதான். இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். காபி போட்டுக் கொடுத்தேன். ஓட்டையை அடைக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நாள் முழுக்கச் சண்டை. மலைக்குப் போன ஜனங்கள் எப்போது திரும்பலாம்? விதைநெல்லைக் கையோடு கொண்டுபோகலாமா? போகலாம் என்கிறாள். அப்புறம் அவர்களைத் தோற்கடிக்கவே முடியாது, ஆட்டம் முடிந்த மாதிரிதான்! இவர் சமைத்தார். உப்புப் போடவில்லை என்று அவரே சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மார்ச் 14, வெள்ளி

கிளம்பிவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

சின்னவள் ஊருக்கு எடுத்துப்போன நகலில் எதையோ மாற்றி அனுப்பியிருக்கிறாள். ஆட்டம் திறக்கவே இல்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு பேரும் தப்பைத் தேடினோம். அங்கே அடுப்பில் ஏதோ தீய்ந்தது. இங்கே கொடியில் துணி நனைந்தது. உங்க வேலைதான் அண்ணி என்கிறாள். சத்தியமாக அவள் வேலைதான்.

இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அவசரமும் இல்லை.