அந்தப் பாயை வாங்கிக்கொள், பிள்ளை

யேசு மரி சூசை துணை

மோர்டன், லண்டன்
20 செப்டெம்பர் 2009

அன்பு மகள் ஷெறோனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீ அந்த ஓக்லாந்தில் நோய் நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். என் முழங்கால் பழையபடிதான், பின்பக்கக் கூரை ஒழுகுகிறது, கவுன்சில்காரர் வருகிறோம் வருகிறோம் என்கிறார்கள், வந்தபாடில்லை. பூசைக்குப் போனால் அப்பா எங்கே என்று எல்லாரும் கேட்கிறார்கள், ஷிப்ட் என்று கோயிலுக்குள் நின்றே பொய் சொல்லிக் களைத்துவிட்டேன். ஊரில் சண்டை முடிந்த மே மாதத்துக்குப் பிறகு சித்தப்பாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை, எந்த முகாமில் விசாரித்தாலும் அப்படி ஒரு பெயர் இல்லையாம். தன் தம்பியைப் பற்றிக் கேட்பதையே அப்பா விட்டுவிட்டார்.

போனில் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்தில் இருப்பார், அதனால் எழுதுகிறேன். டொக்டர் அனுப்பிய கவுன்சிலிங்குக்கு அவரை அழுது அனுப்பினேன், உனக்குத் தெரியும். ஒரு கிழமை அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு முன்னால் வாய் திறந்து தம்பியைப் பற்றிக் கதைத்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், எனக்கு அந்தப் பிள்ளையைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அடுத்த முறை வெறுங்கையோட எப்பிடியப்பா போறது என்று தானே பயறு வறுத்துத் தந்தார், நான் பயற்றம் பணியாரம் சுட்டேன், சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு கொண்டுபோனார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு, நன்றி, ஆனால் எங்கள் சட்டப்படி ஒன்றும் வாங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். டப்பா மூடி திறக்காமல் அப்படியே வீட்டுக்கு வந்தது. எங்கடை ஆக்களிடம் பலகாரம் அப்படித் திரும்பி வந்தால் என்ன அர்த்தம், இனி எங்கள் வாசலுக்கு வரவேண்டாம் என்றுதானே. பாவம், அவளுக்கு அது எப்படித் தெரியும். அப்பா அதற்குப் பிறகு அங்கே போகவே இல்லை.

இதைக் கேட்டுப் போனில் நீ அவரை ஆற்றத்தான் சொன்னாய், இல்லை என்று சொல்லவில்லை. அது வழமையான சட்டம் அப்பா, நானும் என்னட்டைக் கவுன்சிலிங்குக்கு மகனோட வாற ஒரு சமோவா அம்மா கொண்டுவந்த பாயைத் திருப்பிக் குடுத்தனான் என்றாய். அவர் உடனே போனை என்னிடம் நீட்டினார். மிச்சத்தை எனக்குச் சொன்னாய், தாழை ஓலையில் துணி மாதிரி மெல்லிதாக அந்த மனுசியின் தாய் மாதக்கணக்கில் இழைத்த பாய், கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் மட்டும் எடுப்பது, பரிசுக்கு அவர்களுடைய பேச்சில் மேஆலோஃபா என்று பெயர், அன்புப் பொருள் என்று அர்த்தம். அதைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து தாயும் மகனும் உன்னிடம் வருவதில்லை, ஏன் அம்மா என்று என்னைக் கேட்டாய். அதற்குப் பதில், பிள்ளை, என் வீட்டுக் கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கந்தோரின் பெயரில் வாங்கி மண்டபத்தில் விரிக்கலாம் என்று உன் மேலதிகாரியே சொன்னாளாமே. பிறகு என்ன, போவதற்கு வெட்கமாக இருக்கிறது என்கிறாய். வெட்கத்தைப் பார்க்காதே. அந்த மனுசியின் வீட்டுக்குப் போ, வெறுங்கையோடு போகாதே, தெரியாமல் செய்துபோட்டன் என்று சொல்லி இரண்டு கையாலும் அந்தப் பாயை வாங்கு.

அப்பா இப்போது ஒவ்வொரு நாளும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறார், பிள்ளை அந்தப் பாயை வாங்கினவளோ என்று. இல்லை என்கிறேன். நேற்றுத் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வாங்கட்டும், பிறகு நான் அந்தப் பிள்ளையிட்டைப் போறன் என்றார். பிடிவாதமா உன்மேல் கோபமா எனக்குத் தெரியாது, யோசிக்கவும் தெம்பில்லை. ஆனால் இத்தனை மாதத்தில் அவராக வாய் திறந்து போறன் என்று சொன்னது இதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடு. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். பாயை வாங்கினதும் போன் எடு, நான் எடுத்தால் என்னிடம் சொல்லாதே, அப்பாவிடம் குடுங்கோ என்று கேட்டு அவரிடமே சொல்.

உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா,
டொலறஸ்