ஓலை வாசித்த ஞாயிறு

ஆண்டிபட்டி,
நவம்பர் 1936.

அன்பு மகளே, கர்த்தருடைய சமாதானம் உன்னோடிருப்பதாக.

போன ஞாயிறு ஆராதனையில் உன் கலியாண அறிவிப்பு ஓலையை வாசித்தார்கள். உன்னைக் கேட்காமலே உன் அப்பா பேசி முடித்திருந்தார். "இதற்குத் தடை சொல்பவர்கள் உண்டா?" என்று போதகர் கேட்டதும் பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்தேன்.

"எம்மகள யாரும் ஒரு வார்த்த கேக்கல. அவளுக்குப் படிப்பு முடியல."

"பத்திரிகையில கட்டுர எழுதுறது பத்தாதா? உக்காரு" என்றார் அப்பா.

"பொம்பளையவும் தேவன் தம்ம சாயலாத்தான் படைச்சாருன்னு எழுதிட்டு, இப்ப எப்படிங்க உக்கார்றது?"

போதகர் ஓலையை மடித்துவிட்டார். கலியாணம் நின்றது.

அன்றிலிருந்து நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூட அறையில்தான் படுக்கிறேன். பக்கத்து வீட்டு ராக்கம்மாள் கஞ்சி கொண்டுவந்து, "அவுக வந்து பாத்தாகளா?" என்று கேட்கிறாள். வலது கையை அசைக்க முடியவில்லை. கிணற்றடியில் வழுக்கியதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இதை இடது கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. பத்திரிகைக்கு இனி எழுத முடியுமா, தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு விடுதியிலேயே இரு. நான் சாகக் கிடப்பதாக அப்பா எழுதினாலும் வராதே.

உன் அம்மா