சைக்கிள்காரியின் விளக்கு

இன்று மாலை டவுன் பஸ்ஸில் உங்கள் வாசனை ஏறியது. யாரோ ஒருவர் எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பனியன் துணி நெய்கிற மிஷினுக்கு விடும் எண்ணெய், அதோடு வியர்வை, இரண்டையும் மறைக்கப் பூசிய பவுடர். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது வேறு யாரோ ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. "ஏனுங்கக்கா, டிக்கெட் எடுத்த எடம் தாண்டிருச்சே, தூங்கிட்டீங்களா?" என்று கண்டக்டர் கேட்ட பிறகுதான் இறங்கி, வந்த வழியே நடந்தேன். நீங்கள் இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் சோறு கூட வைக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. குறுநாவலின் கடைசி அத்தியாயத்தைக் கேட்டுப் பதிப்பகத்துப் பெண் மறுபடியும் போன் செய்தாள். நான் எழுத வேண்டியது ஒரே காட்சி. ஒரு மனைவி விளக்கை எடுத்து வந்து, அதுவரை வெளிச்சத்தில் பார்த்தே இராத தன் கணவனின் முகத்தைப் பார்க்கிறாள். அந்த முகம்தான் எனக்கு எழுத வரவில்லை. நான் எழுத நினைப்பது உங்கள் முகத்தை. அது எனக்குக் கலைந்துகொண்டே வருகிறது. மூக்கை நினைத்தால் கண் நழுவுகிறது, கண்ணைப் பிடித்தால் வாய் எங்கோ போகிறது. சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் இருப்பவர் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கும் யாரோ ஒருவர். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களை இரண்டாம் முறை பறிகொடுப்பது போல இருக்கிறது.

உங்களுக்குக் கொமரலிங்கம், எனக்குத் தாராபுரம். பெண் பார்க்க வந்த அன்று, "எங்கூரத் தொட்டுட்டுத்தானுங்க அமராவதி உங்கூருக்கு வருது" என்று பெருமையடித்தீர்கள். "அப்ப நீங்க குளிச்ச தண்ணியத்தான் நாங்க குடிச்சுட்டு இருக்கறமுங்களா?" என்று நான் கேட்டதும் உங்கள் அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. நீங்கள் மட்டும் சத்தமாகச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் சம்மதம் சொன்னேன். சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. சிரித்த முகத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பூருக்கு வந்து குடித்தனம் தொடங்கியபோது உங்களுக்கு நிட்டிங் மிஷினில் ராத்திரி ஷிஃப்ட், எனக்குப் பனியன் கம்பெனியில் பகல் ஷிஃப்ட். நீங்கள் வந்து படுக்கும் நேரம் நான் கிளம்பும் நேரம். நான் திரும்பி வரும்போது நீங்கள் போயிருப்பீர்கள். ஆனால் குடங்களில் தண்ணீர் நிரம்பியிருக்கும். நான் ஊற வைத்துவிட்டுப் போன துணி கொடியில் காய்ந்திருக்கும். தட்டு போட்டு மூடிய கிண்ணத்தில் எனக்குப் பிடித்த கடலை உருண்டை இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார். பக்கத்து வீட்டு அக்கா, "உன்ற ஊட்டுக்காரரு நெசமாலுமே இருக்கறாரா, இல்ல நீயாத்தான் சொல்லிக்கறியா?" என்று கேலி செய்வாள்.

அந்த ஒற்றை அறையின் ஜன்னலுக்கு நீங்கள் கருப்பு பனியன் துணியை இரண்டு மடிப்பாக ஆணி அடித்து மாட்டியிருந்தீர்கள், பகலில் தூங்குவதற்காக. கதவைச் சாத்தினால் காலை எட்டு மணிக்கும் உள்ளே இருட்டுத்தான். "லைட்ட மட்டும் போட்றாத அம்முணி. ஒருக்கா முழிப்பு வந்துட்டா அப்பறம் எனக்குத் தூக்கமே வராது." நம் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அது. நான் இருட்டிலேயே தலை சீவி, இருட்டிலேயே பொட்டு வைத்துக்கொண்டு போவேன். பொட்டு கோணலாக இருப்பதைச் செக்கிங் டேபிளில் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை உண்டு. அதிலும் பாதி நாள் உங்கள் தூக்கத்துக்குப் போய்விடும், மீதிப் பாதி சொந்தக்காரர்களுக்கு.

ஒருநாள் காலையில், செருப்பு மாட்டிக்கொண்டு நின்றவளுக்கு என்ன தோன்றியதோ, போன் டார்ச்சைப் போட்டேன். விரல்களால் பாதி மறைத்துக்கொண்டு உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்தேன். புருவத்திலும் இமை மயிரிலும் பஞ்சு ஒட்டியிருந்தது, மாவு மில்லில் இருந்து வந்தவர் மாதிரி. நெற்றியில் ஒரு கோடு. வாய் லேசாகத் திறந்திருந்தது. கல்யாணமாகி அத்தனை மாதம் கழித்து அப்போதுதான் என் புருஷனை நான் சாவகாசமாகப் பார்த்தேன். வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. அன்று முழுக்க ஓட்டை விழுந்த பீஸ்களை எல்லாம் நல்ல பீஸ் பக்கம் போட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாளும் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளும் பார்த்தேன். உங்களுக்குத் தெரியாமல் உங்களைத் திருடிக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரி இருந்தது.

பிறகு நான் போனில் கதை எழுதத் தொடங்கியது, நாலு பேர் படித்துவிட்டு நல்லாருக்கு என்று சொன்னது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பதிப்பகம் ஒரு போட்டி வைத்தது. கிரேக்கப் புராணக் கதை ஒன்றை எடுத்து, நம் ஊர் மனிதர்களை வைத்துக் காதல் கதையாக எழுத வேண்டும். எனக்கு அகப்பட்டது சைக்கி என்கிற பெண்ணின் கதை. நான் பேர் சொன்னதும் நீங்கள் கேட்டது, "சைக்கிளா?" மிஷின் சத்தத்தில் ஒரு காது மந்தம் உங்களுக்கு. எத்தனை முறை திருத்தினாலும் அது சைக்கிள்தான். கடைசி வரைக்கும், "சைக்கிள்காரி எந்த மட்டுல இருக்கறா?" என்றுதான் விசாரிப்பீர்கள்.

கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் வைத்து உங்களுக்குச் சொன்னேன். கொமரலிங்கத்தில் உங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு, கரும்புக் காட்டைத் தாண்டி அமராவதியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் பழகாத உங்கள் கண்கள் கூசிக்கொண்டே இருந்தன. சைக்கியை ஒருவன் மாளிகையில் கொண்டு போய் வைக்கிறான். அங்கே ஆளே தெரியாமல் சாப்பாடு வரும், தண்ணீர் வரும். புருஷன் இருட்டில் மட்டும் வருவான், விடிவதற்குள் போய்விடுவான். விளக்கேற்றி என்னைப் பார்க்காதே என்பது அவன் போட்ட நிபந்தனை. அவள் ஒருநாள் பொறுக்காமல் விளக்கைக் கொண்டு வந்து பார்க்கிறாள். படுத்திருப்பவன் காதல் தெய்வமே. சூடான எண்ணெய் ஒரு சொட்டு அவன் தோளில் விழுகிறது. விழித்துக்கொண்டு அவளை விட்டுப் போய்விடுகிறான்.

நீங்கள் தண்ணீரைக் காலால் அளைந்தபடி கேட்டீர்கள். "நம்ம மன்மதன் மாதிரியா?"

"நம்ம மன்மதன் எரிஞ்சு போனவனுங்க. அவன யாராலயும் பாக்க முடியாது, ரதி மட்டுந்தான் பாப்பா. அந்தூரு மன்மதன எல்லாரும் பாக்கலாம், பொண்டாட்டி மட்டும் பாக்கக் கூடாது."

"நம்மூருதான் பரவால்ல," என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் எதை வைத்து அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டேன் என்பது அப்போதே உங்களுக்குப் புரிந்துவிட்டது. என் கதையில் சைக்கி, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் தைக்கிற ஈஸ்வரி ஆனாள். மாளிகை ஒற்றை அறையாயிற்று.

ஈஸ்வரி விளக்கைத் தொடுவதற்குள் நீங்கள் படுக்கையில் விழுந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அவர்கள் அனுப்பிவிட்ட பிறகு, நீங்கள் முதலில் சொன்னது ஜன்னலைத்தான். "அந்தத் துணியக் கழட்டிப் போடு அம்முணி. பகலு எப்படி இருக்குதுன்னு பாக்கோணும்." கழற்றினேன். அறை முழுக்க வெயில் வந்து விழுந்தது. நாம் இருவரும் விருந்தாளிகள் மாதிரி கூச்சத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் வேலைக்குப் போகாத அந்த நாட்களில், உங்கள் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துக் காட்டினேன். விளக்குக் காட்சிக்கு முன்னால் நிறுத்தி, "இப்ப அவன் அசந்து தூங்கறான்," என்றேன்.

"தூங்கல."

"மூலக் கதையில தூங்கறானுங்க."

"கதையில ஆயிரம் சொல்லுவாங்க. பொண்டாட்டி வந்து பாக்கறான்னா எவன் தூங்குவான்? முழிச்சுத்தான் கெடந்திருப்பான். அவ பாக்கட்டும்னு கண்ண மூடிட்டுக் கெடந்திருப்பான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "நீ மொதல் நாள் டார்ச் அடிச்சப்ப ஒரு பஞ்சு கண்ணுக்குள்ள போயிருச்சு. உறுத்துனா உறுத்து, அப்படி உறுத்துச்சு. நீ பாத்து முடிக்கோணும்னு தொறக்காமக் கெடந்தேன்."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "அப்ப அத்தன நாளும்?"

"அத்தன நாளுந்தான்."

"ஏனுங்க, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அடுத்த நாளு பாத்திருப்பியா?"

தலையணையை எடுத்து உங்களை அடிக்க ஓங்கினேன். நோயாளியாயிற்றே என்று மெதுவாகக் காலடியில் வைத்தேன். கோபமா வெட்கமா என்று எனக்கே தெரியவில்லை. உலகத்தில் என்னை மாதிரி ஏமாந்தவளும் கிடையாது, என்னை மாதிரிக் கொடுத்து வைத்தவளும் கிடையாது. பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன். "அப்ப முழிச்சுட்டு இருந்தவன் ஏன் உட்டுட்டுப் போனானாம்?"

"ஷிஃப்ட்டுக்கு நேரமாயிருக்கும்," என்றீர்கள். இருவரும் சிரித்தோம். உங்களுக்கு இருமல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் அறிய வாய்ப்பில்லை. கூடம் இல்லாத வீடு, அதனால் வாசலில் பந்தல் போட்டு உங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எடுக்கிற நேரம் வந்ததும் உங்கள் அக்கா என் தோளைப் பிடித்து, "கடைசியா ஒருக்கா நல்லாப் பாத்துக்க கண்ணு," என்றார். பார்த்தேன். கண் மூடியிருந்தது. நான் பார்த்து முடிக்கும் வரைக்கும் நீங்கள் திறக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியுமே. சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டேன். திறப்பதற்கு உங்களுக்கு நேரம் கொடுத்தேன். பார்க்கச் சகிக்காமல் திரும்பிக்கொண்டாள், பாவம் என்று யாரோ சொன்னார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது உங்களைத் தூக்கியிருந்தார்கள், ஆண்களின் முதுகுதான் தெரிந்தது. உங்கள் முகம் எனக்குக் கலைவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அன்று இதுவரை எழுதிவிட்டு இந்தக் காகிதத்தை மடித்து வைத்தேன். மீதியை இப்போதுதான் எழுதுகிறேன். உங்களிடம் சொல்லிக்கொண்டு வந்தபோதே ஒன்று பிடிபட்டது. விளக்குக் காட்சியை நான் இத்தனை நாளும் ஈஸ்வரியின் பக்கம் நின்றே எழுதப் பார்த்திருக்கிறேன். அவள் கண்ணால் பார்க்கத்தான் எனக்கு முகம் வேண்டியிருந்தது. இந்த முறை படுத்திருக்கிறவன் இடத்தில் போய்ப் படுத்தேன். மூடிய இமைக்கு மேல் வெளிச்சம் வந்து நிற்கிறது, உள்ளே எல்லாம் சிவப்பாகிறது. அவளுடைய மூச்சு கன்னத்தில் படுகிறது, பூசிய மஞ்சள் மணக்கிறது. வளையல் சத்தம் கேட்கக் கூடாது என்று அவள் கையை இறுக்கிப் பிடித்திருப்பது அவனுக்குத் தெரிகிறது. கண்ணில் ஏதோ உறுத்துகிறது. அவன் அசையவில்லை. அத்தியாயம் ஒரே மூச்சில் முடிந்தது. அழுதேன், ஆனால் பயந்து அழவில்லை. உங்கள் முகம் என்னிடம் முழுசாக இல்லாமல் போகலாம். பார்க்கப்பட்டபோது நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பது இருக்கிறது. அதை எனக்குச் சொன்னது நீங்கள்தான், அது போகாது.

அனுப்பிய மறுநாள் பதிப்பகத்துப் பெண் கூப்பிட்டாள். படித்துவிட்டு அழுதேன் என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, கத பாதியில நிக்கற மாதிரி இருக்குதுங்க. எண்ணெய் சிந்தோணும், அவன் எந்திருச்சுப் போகோணும், அப்பறம் ரெண்டு பேரும் சேரோணுமில்லீங்களா? அந்தப் பக்கமெல்லாம் எப்ப அனுப்பறீங்க?"

"எப்படிக் கண்ணு அனுப்பறது?" என்றேன். "அவ இன்னும் பாத்து முடிக்கலயே."