பத்துச் சதுர மீட்டருக்குக் கீழே

ஜூன் 3, செவ்வாய்

வாய்க்கால் கரைப் பகுதி முடிந்தது. ட்ரோன் படத்தின் மேல் கூரை கூரையாகக் கோடு வரைந்து 1,846 கட்டடங்கள். கண் எரிகிறது. பத்துச் சதுர மீட்டருக்குக் குறைந்ததை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. கக்கூஸ், மோட்டார் ரூம், கோழிக்கூண்டு. கடைசியாக ஒரு நீலத் தார்ப்பாய்க் கூரை, 9.4. பக்கத்துக் கயிற்றில் சிவப்புப் புடவை காய்கிறது. கோழியா புடவை கட்டும்? மேலதிகாரி பலராமன் சாரிடம் காட்டினேன். "மோட்டார் ரூமா இருக்கும், தூக்கிடு சத்யா."

தூக்கிவிட்டேன்.

ஜூன் 17

வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்களாம். கரையிலிருந்து காலி செய்யப்படுகிறவர்களுக்கான மாற்று வீட்டுப் பட்டியலை எங்கள் வரைபடத்திலிருந்துதான் எடுத்தார்களாம். அந்தப் புடவை!

ஜூன் 18

போய்ப் பார்த்தேன். அதே தார்ப்பாய், அதே புடவை. வாசலில் ஓர் அக்கா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார், பெயர் ஜெயம். பன்னிரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறாராம்.

"எல்லா வூட்டுக்கும் நம்பர் ஒட்டிட்டுப் போனாங்க, என்னுத மட்டும் வுட்டுட்டாங்க. நீ ஆபீசுதான, கேட்டுச் சொல்றியா கண்ணு?"

"சொல்றேங்க்கா."

அழித்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 20

சாரிடம் சொன்னேன். "ஒரு தப்புன்னு எழுதிக் குடுத்தாலும் மொத்த லிஸ்டையும் திரும்பத் தொறக்கணும். உன் கான்ட்ராக்ட் ஜூலையோட முடியுது, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. எழுதிக் கொடுக்கவில்லை.

ஜூன் 29

எங்கே துணி காய்ந்தாலும் நின்றுவிடுகிறேன். இன்று பஸ் ஜன்னலில் சிவப்பாக ஏதோ பறந்தது, எழுந்து எட்டிப் பார்த்தேன். சீ, என்ன பொழப்பு இது.

ஜூலை 9

குடிசை இல்லை. நம்பர் இல்லாததை முதலில் எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு முருகையன் சொன்னார்: "கூடயத் தூக்கினு நோணாங்குப்பம் பக்கம் போச்சி. ஆபீசு பொண்ணு சொல்றேன்னுச்சின்னு கடைசி வரிக்கும் சொல்லிக்கினே இருந்திச்சி."

அந்த ஆபீசு பொண்ணு நான்தான். பயந்தாங்கொள்ளி.

ஜூலை 22

சரிபார்க்கப் புதிய ட்ரோன் படம் வந்தது. முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்தேன். வெறும் மண். என் வரைபடத்திலும் அங்கே ஒன்றுமில்லை. எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! முதலில் நான் அழித்தேன், பிறகு அவர்கள்.

சரிபார்ப்புப் படிவத்தில் 'விடுபட்ட வீடுகள்' என்ற இடத்தில் சார் பென்சிலால் 0 போட்டு வைத்திருந்தார். "நூத்துக்கு நூறு. கையெழுத்துப் போடும்மா."

ரப்பரால் அழித்துவிட்டுப் பேனாவால் 1 என்று எழுதினேன். பக்கத்தில்: ஜெயம், மீன் வியாபாரம், பன்னிரண்டு வருடம், 9.4 சதுர மீட்டர், நீக்கியது நான். கையெழுத்துப் போட்டேன்.

கான்ட்ராக்ட் முடிய இன்னும் ஒன்பது நாள். நாளைக்கு நோணாங்குப்பம் போய் அக்காவைத் தேட வேண்டும். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.