ராஜா தொடரும் குடும்பத் தொடரும் ஒரே நேரத்தில் ஓடுவது குறித்து

அனுப்புநர்:
தையல்கடை மருமகள்,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மாடி வீடு.

பெறுநர்:
நிகழ்ச்சி நேரம் ஒதுக்கும் அதிகாரி அவர்கள்,
தொலைக்காட்சி நிலையம்.

பொருள்: ஏழரை மணிக் குடும்பத் தொடரை இரண்டாம் சேனலில் ஏழு மணிக்கு மாற்றியதால் எங்கள் வீட்டில் பேச்சு குறைந்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மாமனார் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். செந்தமிழில் பேசும் ஏழு மணி ராஜா தொடர் அவருக்கு உயிர். எனக்கோ, நாங்கள் கடையில் பேசுவதுபோலவே பேசும் குடும்பத் தொடர். ராஜா வாயைத் திறந்தால் எனக்குக் கொட்டாவி வரும். என் தொடரில் "வாடி, போடி" என்றால் அவர் முகம் சுளிப்பார்.

2. நானும் என் கணவரும் எங்கள் விருப்பப்படி மணந்தவர்கள். அதனால் மாமனார் என்னோடு பேசியதில்லை. தேநீர் வேண்டுமென்றாலும் "அவகிட்ட சொல்லுடா" என்று மகன் வழியாகத்தான் வரும். சோபாவில் இடம் பிடிக்க நான் முன்பே வந்து உட்கார, அவரும் எழுந்து போக மனமில்லாமல் இருக்க, ஒருவர் தொடரை மற்றவர் பார்க்கும்படி ஆயிற்று. ஒருநாள் கணவர் வீட்டில் இல்லை. மாமனார் சுவரைப் பார்த்து, "தேவி, தேநீர் கிடைக்குமோ?" என்றார். நானும் விடவில்லை. "மன்னா, சர்க்கரை தீர்ந்துவிட்டது" என்றேன். சிரித்துவிட்டார். சொந்த வாயால் கேட்கக் கௌரவம் தடுத்தது, ராஜாவின் வாயால் கேட்டுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஐயா.

3. இப்போது அவர் பழைய டிவியோடு உள்ளறையில், நான் கூடத்தில். தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, செந்தமிழ் பார்ப்பவர்கள் வேறு, பேச்சுத்தமிழ் பார்ப்பவர்கள் வேறு, ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை என்றனர். அந்த இரண்டு வகையினரும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தோம்.

4. மறுபடி முறுக்கிக்கொண்டார் என்று எண்ண வேண்டாம். நன்றாகவே இருக்கிறோம். விளம்பர இடைவேளையில் கதவருகே வந்து, என் தொடரில் கோபித்துப் போன பெண் வீடு திரும்பினாளா என்று விசாரிக்கிறார். நான் சொல்லி முடிப்பதற்குள் அங்கே போர் தொடங்கிவிடுகிறது. இது போதவில்லை.

5. ஆகவே என் தொடரை மீண்டும் ஏழரைக்கே தள்ளிவைக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். மனுவை மாமனாரிடமே திருத்தக் கொடுத்தேன். நான்கு ஒற்றுப்பிழை திருத்திவிட்டு, கீழே தானும் ஒரு வரி எழுதுவதாகச் சொன்னார்.

நாள்: ஞாயிறு, தொடர் இல்லாத நாள்
இடம்: எங்கள் வீட்டுக் கூடம்

டிவி முன்னால் காத்திருக்கும்,
தையல்கடை மருமகள் (ஒப்பம்)

சார், எங்க பொண்ணு சொல்றது நியாயந்தான். கொஞ்சம் பாத்து மாத்திவிடுங்க.
மாமனார் (ஒப்பம்)